ஜிப்சம் போட் யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் சரிவருமா?

கேள்வி இதுதான். சுன்னாகத்தில் முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் புதிதாகக் கட்டிய மாடி. மேல்மாடியில் சிலாப்புக்குக் கீழே இருக்கும் பெரிய ஹோலை இரண்டு அறையாகப் பிரிக்க வேண்டும். ஓட்டு வீட்டுக்குச் சீலிங் அடிக்க வேண்டும். பழைய அறை ஒன்றில் சுவர் உப்புப் பூத்துப் பெயின்ற் உரிகிறது, அதையும் மூட வேண்டும். கனடாவில் இருக்கும் அத்தான் "எல்லாத்துக்கும் ஜிப்சம் போட்டே அடியுங்கோ, இங்க முழு வீடும் அதுதான்" என்கிறார். அப்பா "அட்டையில ஆரும் சுவர் வைப்பினமோ" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மேல்மாடித் தடுப்புக்கு அத்தான் சொல்வதைக் கேளுங்கள். உப்புப் பூத்த சுவருக்கு அப்பா சொல்வதைக் கேளுங்கள். ஓட்டு வீட்டுச் சீலிங் விசயத்தில் இரண்டு பேருமே கூரைக்குள் ஏறிப் பார்க்காமல் கதைக்கிறார்கள்.

அப்பாவின் "அட்டை" என்ற சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. போட்டின் நடுவில் இருப்பது ஜிப்சம் என்ற கனிமம், இரண்டு முகத்திலும் கனத்த கடதாசி. ஜிப்சம் என்பது தண்ணீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கும் கல்சியம் சல்பேற். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான், ஆனால் தொட்டால் ஈரம் தெரியாது. கல்லை 150 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரில் முக்கால்வாசி ஆவியாகப் போய்த் தூளாகிவிடும். கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரியில் கட்டும் மாவு அதுதான். மறுபடி தண்ணீர் விட்டால் இழந்ததைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கல்லாக இறுகும். தொழிற்சாலையில் அந்தக் கூழை ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு கடதாசிகளுக்கு நடுவே பரப்பி, இறுகியதும் அளவாக வெட்டி, சூளையில் காய வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒகஸ்ரின் சக்கெற் 1894 இல் காப்புரிமை எடுத்த பலகையிலிருந்து வளர்ந்த முறை இது. அத்தானின் வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது, உள்பக்கத்தை மூட அங்கே இதைவிட மலிவான வழி இல்லை. நம்முடைய வீடு கல்லில் நிற்கிறது. அந்த வித்தியாசத்தை அவர் யோசிக்கவில்லை.

ஜிப்சம் நம்மூருக்குப் புதிதும் இல்லை. சீமெந்து சட்டென்று இறுகிவிடாமல் இருக்க, அரைக்கும்போது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஜிப்சம் சேர்ப்பார்கள். 1990 இல் மூடும்வரை காங்கேசன்துறை ஆலையும் அதைச் சேர்த்துத்தான் அரைத்தது. உப்பளத்தில் கடல்நீரை வற்றவிடும்போது உப்புக்கு முன்பே பாத்தியின் அடியில் படிவதும் ஜிப்சம்தான். அப்பா 40 வருசமாக நம்பும் சீமெந்துக்குள்ளும் அது இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

ஆனால் சீமெந்துக்கும் போட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. போட் வளையாமல், முறியாமல் நிற்பது பெரும்பாலும் கடதாசியால்தான். நடுவில் உள்ள கல் தனியே நின்றால் கையால் ஒடிக்கலாம். வேலைக்காரர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாளே எடுக்க மாட்டார். கத்தியால் ஒரு முகத்துக் கடதாசியில் மட்டும் ஒரு கோடு கீறுவார், பின்னால் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டுவார், பலகை கோட்டோடு "டக்" என்று பிளக்கும். பிறகு மறுபக்கக் கடதாசியை அறுத்தால் துண்டு கையில் வந்துவிடும். ஒரு பக்கக் கடதாசி அறுந்ததும் பலகையின் உயிர் போய்விட்டது என்பதை அந்த ஒரு தட்டில் காணலாம். ஆகவே எந்த இடத்துக்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கடதாசி பத்து வருசம் காய்ந்தபடி இருக்குமா? தண்ணீர், பூஞ்சணம், கறையான் என்று கடதாசிக்கு எதிரி மூன்று. யாழ்ப்பாணத்தில் மூன்றுக்கும் குறைவில்லை.

இனி மேல்மாடி. மூன்று வேலையில் ஜிப்சம் போட்டுக்கு மிகப் பொருத்தமான வேலை இது. 4 அங்குலச் சீமெந்துக் கல்லில் சுவர் கட்டி இரு பக்கமும் பூசினால் ஒரு சதுர மீற்றர் 200 கிலோவைத் தாண்டும். 12 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஒரு சுவர் என்றால் இரண்டு தொன்னுக்கு மேலே. அதே அளவுக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டுச் சட்டம் நிறுத்தி இரு பக்கமும் 12.5 மில்லிமீற்றர் போட் அடித்தால் கால் தொன் அளவில் முடிந்துவிடும். சிலாப் போடும்போது அந்த இடத்தில் சுவர் வரும் என்று கணக்குப் போடாமல், கீழே பீமும் வைக்காமல் விட்டிருந்தால், பிறகு கல்லைக் கொண்டுபோய் அடுக்குவது சிலாப்புக்குச் செய்யும் அநியாயம். வெடிப்பு உடனே தெரியாது, கீழ் அறைக் கூரையில் நாள் செல்லச் செல்லக் கோடு விழும். அதோடு மணல் ஏற்ற வேண்டாம், தண்ணீர் அடித்து ஊற வைக்க வேண்டாம். இப்போது இங்கே மணல் விற்கும் விலைக்கு இதுவும் சின்ன விசயம் இல்லை. பிள்ளைகள் வெளியே போன பிறகு அறையைத் திரும்ப ஹோலாக்க நினைத்தால் கழற்றியும் விடலாம்.

சரி, சத்தம்? இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு பலகை, மறுபக்கம் ஒரு பலகை, நடுவில் வெறும் காற்று என்று அடித்தால் பக்கத்து அறையில் கதைப்பது கேட்கும், சொல்லும் விளங்கும். அதற்குப் போட்டைக் குறை சொல்ல முடியாது, அடித்த முறைதான் பிழை. சட்டத்துக்கு நடுவே கல்நார் இல்லாத கனிமக் கம்பளிப் பாய் அல்லது கண்ணாடிக் கம்பளி வைத்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு பலகையாக, மூட்டு மூட்டோடு சந்திக்காமல் அடித்தால், பூசிய 4 அங்குலக் கல்லுச் சுவருக்குக் கிட்ட நிற்கும், சில வேளை அதையும் மிஞ்சும். இன்னொன்று, தடுப்பைச் சீலிங் மட்டத்தில் நிறுத்திவிடாமல் சிலாப்பின் அடிவரை கொண்டுபோங்கள். மேலே ஒரு அடி இடைவெளி இருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அத்தனை தடுப்பையும் தாண்டிச் சத்தம் மேலால் ஏறி வரும். இரண்டு அறைக்கும் பிளக் பொயின்ற்றை ஒரே இடத்தில் முதுகுக்கு முதுகாக வைக்கவும் விடாதீர்கள்.

சட்டத்தின் நிற்கும் கால்கள் 600 மில்லிமீற்றருக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. நான் 400 கேட்பேன். இங்கே சுவரில் சாய்வதும் கதிரையை இடிப்பதும் வழமை. கதவு வரும் இடத்தில் இரு பக்கமும் சட்டத்தை இரட்டிப்பாக்கி, உள்ளே காய்ந்த மரத்தைச் செருக வேண்டும். சோளகம் எழும்பும் மாதங்களில் மேல்மாடிக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை தரம் அறைந்து சாத்தும் என்று உங்களுக்கே தெரியும். கதவு நிலைக்கு மேல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, யாழ்ப்பாணத்தில் போட் தடுப்பு அடித்த பல வீடுகளில் ஒரே மாதிரி இருக்கும். காரணம் காற்றும் பலவீனமான சட்டமும்தான். பலகையின் மூட்டைக் கதவு மூலைக்கு நேரே கொண்டுவராமல், மேலே ஒரு முழுப் பலகையை "ட" மாதிரி வெட்டி வைத்தால் பெரும்பாலும் வெடிக்காது.

சாமான் மாட்டுவதை அடிக்க முன்பே முடிவு செய்யுங்கள். ரிவி எங்கே, அலுமாரித் தட்டு எங்கே, சாமித்தட்டு எங்கே, ஏசியின் உள் இயந்திரம் எங்கே என்று தரையில் சோக்கால் குறித்துக் கொடுங்கள். அந்த இடங்களில் சட்டத்துக்கு நடுவே 18 மில்லிமீற்றர் பிளைவூட் வைத்து மூடுவது அரை நாள் வேலை. மூடிய பிறகு நினைவு வந்தால், வெறும் போட்டில் விரியும் அங்கர் போட்டுச் சின்னப் படம், மணிக்கூடு மாட்டலாம். ரிவி மாட்ட வேண்டாம். மின்விசிறி எப்போதும் சிலாப்பில் பதித்த கொக்கியில், சீலிங் அடித்தாலும் கம்பி அதைத் தாண்டி மேலே போக வேண்டும். இதை ஒரு வேலைக்காரர் "சனல்ல (சீலிங்கைத் தாங்கும் தகட்டுச் சட்டத்தில்) மாட்டலாம் அண்ணை" என்று சொன்னால் அவரிடம் சீலிங் வேலையையே கொடுக்காதீர்கள்.

நெருப்பைப் பற்றி அப்பா கேட்கவில்லை, ஆனால் கேட்பார். இந்த விசயத்தில் போட் நல்ல பிள்ளை. 8க்கு 4 அடி, 12.5 மில்லிமீற்றர் பலகை ஏறத்தாழ 25 கிலோ. அதற்குள் 4 கிலோவுக்கு மேல் தண்ணீர் பிணைந்து கிடக்கிறது. நெருப்புப் பிடித்தால் அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகி முடியும்வரை பலகையின் மறுபக்கம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். முகத்துக் கடதாசி கருகும், உள்ளே கல் எரியாது. பிளைவூட் தடுப்போ பிவிசி பனலோ இப்படி நிற்காது. சூட்டில் இளகும் பிவிசியைக் குசினிக்குப் பக்கத்தில் அடிப்பதை நான் விரும்புவதில்லை.

அடுத்தது ஓட்டு வீட்டுச் சீலிங். முதலில் கூரைக்குள் ஒரு ரோச் லைற்றோடு ஆளை ஏற்றுங்கள். பகலிலே லைற்றை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டுக்கு நடுவால் வெளிச்சம் வரும் ஒவ்வொரு இடத்திலும் வாடைக்காற்றோடு அடிக்கும் மழை உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று இங்கே மழை மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கும். 2008 நிசா புயலிலும் 2020 புரெவியிலும் நேரே விழுந்த மழையைவிடச் சாய்ந்து வந்த மழைதான் ஓட்டு வீடுகளைப் பிடித்தது. சீலிங் இல்லாத வீட்டில் ஒழுக்கு என்றால் கீழே ஒரு வாளி வைப்பீர்கள், விசயம் முடிந்தது. சீலிங் அடித்த வீட்டில் ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் பலகையின் முதுகில் தேங்கும். மஞ்சள் வட்டம் விழும்போது அது பல நாள் பழைய தண்ணீர்.

முகட்டு ஓடு, பீலி, சுவரும் ஓடும் சந்திக்கும் இடம், இந்த மூன்றையும் சரிசெய்து ஒரு மாரி முழுக்க விட்டுப் பார்த்த பிறகு சீலிங் அடிப்பதுதான் ஒழுங்கு. வைகாசியில் கூரை திருத்தி ஆனியில் சீலிங் அடிக்கிறவர்கள் மார்கழியில்தான் கூரைக்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

அடுத்த தொல்லை மரநாய். செம்மண் பக்கத்தில், பழ மரமும் பனையும் உள்ள வளவில் ஓட்டுக்குள் மரநாய் இல்லாத வீடு அதிர்ஷ்டம் செய்த வீடு. அது ஒரே மூலையை மலசலகூடமாக வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளது. ஜிப்சம் போட் அதை உறிஞ்சிக்கொள்ளும், கறை மேலே பெயின்ற் அடித்தாலும் திரும்ப ஊறி வரும், மணம் பலகையை மாற்றும்வரை போகாது. தாவாரத்தைச் சுற்றி, முகட்டு ஓரத்தில், கைமரங்களுக்கு நடுவே அரை அங்குல வெல்ட் மெஷ் அடித்து எல்லா வாசலையும் அடைத்த பிறகுதான் சீலிங் வேலை தொடங்க வேண்டும். அடைக்கும் முன் உள்ளே குட்டி இல்லை என்று நிச்சயப்படுத்துங்கள். அது பாவம் என்பதோடு, செத்தால் வீட்டில் இருக்கவும் முடியாது.

இவ்வளவும் செய்தாலும், ஓட்டுக் கூரைக்குக் கீழே மூட்டுத் தெரியாமல் மொட்டையாக அடிக்கும் ஜிப்சம் சீலிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய பனங் கைமரமும் சிலாகையும் வெயிலுக்கும் காற்றுக்கும் அசைந்துகொண்டே இருக்கும். அதில் தொங்கும் சீலிங்கும் சேர்ந்து அசையும், மூட்டில் மயிர்க்கோடு விழும், ஒவ்வொரு வருசமும் புட்டி அடித்துக்கொண்டிருப்பீர்கள். 2க்கு 2 அடிச் சட்டத்தில் தூக்கி வைக்கும் சீலிங் ஓடுகளை வாங்குங்கள். கீழ் முகத்தில் பிவிசி படலம் ஒட்டிய ஜிப்சம் ஓடு கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒன்று நனைந்தால் அதை மட்டும் மாற்றலாம். தேவைப்பட்டால் தூக்கிவிட்டு மேலே பார்க்கலாம். அழகு கொஞ்சம் ஒபிஸ் மாதிரித்தான், ஒத்துக்கொள்கிறேன்.

"சீலிங் அடிச்சா வீடு குளிரும்தானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜிப்சம் போட் வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்கும் பொருள் இல்லை, 9 மில்லிமீற்றர் பலகை எவ்வளவைத் தடுத்துவிடும்? காய்ந்த ஓடோ தகரமோ உங்கள் தலைமேல் நேரே வீசும் அனலைச் சீலிங் மறைக்கிறது, அவ்வளவுதான் நீங்கள் உணரும் வித்தியாசம். மேலே அடைபட்ட சூட்டுக் காற்று வெளியேற வழி இல்லை என்றால் பின்னேரம் நாலு மணிக்குப் பலகையே சூடாகி இரவு பத்து மணிவரை கீழே அனலை விடும். நம் பழைய வீடுகளில் கூரை உயரமாக இருந்ததும், முகப்புச் சுவரில் காற்று வரத் துவாரம் விட்டதும் இதற்காகத்தான். சீலிங் அடிக்கும்போது அந்தத் துவாரங்களை வேலைக்காரர் "தூசி வரும்" என்று பூசி அடைப்பார். விடாதீர்கள், வலை அடித்துத் திறந்தே வையுங்கள். ஓட்டுக்குக் கீழே மினுங்கும் அலுமினியத் தாள் விரித்தால் போட்டைவிட அதுதான் சூட்டைக் குறைக்கும். சீலிங்கைத் தாழ்த்தவும் வேண்டாம். 9 அடிக்குக் கீழே வந்தால் மின்விசிறி சுழன்றும் பயனில்லாத மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய அறை எதிலாவது ஏற்கனவே தட்டையான சாம்பல் நிறச் சீற் சீலிங் இருந்தால் அது பெரும்பாலும் அஸ்பெஸ்ரஸ். நீல அஸ்பெஸ்ரஸை இலங்கை 1987 இல் தடை செய்தது, வெள்ளை அஸ்பெஸ்ரஸ் சீற் அதன் பிறகும் விற்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைச் சுத்தியலால் உடைத்து இறக்கவோ கிரைண்டரால் வெட்டவோ விடக்கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஆணியைக் கழற்றி முழுச் சீற்றாக இறக்கி, பொலித்தீனில் சுற்ற வேண்டும். வேலைக்காரர் நல்ல மூச்சு மறைப்பு இல்லாமல் ஏறக்கூடாது, பிள்ளைகளும் வயது போனவர்களும் அன்று வீட்டில் இருக்கக்கூடாது.

இப்போது உப்புப் பூத்த சுவர். இங்கே ஜிப்சம் போட் அடிப்பது காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை போடுவது போல. பழைய வீடுகள் சுண்ணாம்புக்கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசியவை. அத்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் படை பலதில் கிடையாது. நிலத்து ஈரம் மேலே ஏறும், ஏறினாலும் சுண்ணாம்புப் பூச்சினூடாக வெளியே ஆவியாகும், சுவர் மூச்சு விடும். நாம் என்ன செய்தோம்? வெளியே சீமெந்து பூசினோம், மேலே எமல்சன் அடித்தோம், முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்தி இன்ரலொக் கல் பதித்தோம். வீதி உயர உயர முற்றமும் உயர்ந்து, பல வீட்டில் இப்போது வெளி நிலம் உள்தரைக்குச் சமமாக நிற்கிறது. ஈரத்துக்குப் போக வழி இல்லாமல் உள்பக்கம் வந்து, கொண்டுவந்த உப்பைப் பெயின்ற்றுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் காய்கிறது. நீங்கள் காணும் வெள்ளைப் பூ அதுதான்.

அந்தச் சுவருக்கு முன்னால் சட்டம் அடித்து ஜிப்சம் பலகையால் மூடினால் ஒரு வருசம் நன்றாக இருக்கும், சொந்தக்காரர் வந்து பார்த்து மெச்சுவார்கள். பின்னால் இருட்டில், காற்றில்லாமல், ஈரத்தில், கடதாசியும் இருக்கிறது என்றால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? சட்டத்தின் கீழ்ச் சனல் உப்பு ஈரத்தில் கறள் பிடிக்கும். கறையான் தரையிலிருந்து யாரும் காணாமல் ஏறி, பலகையின் முதுகுக் கடதாசியைத் தின்னும். முன்னால் பெயின்ற் அடித்த முகம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தும்போதுதான் உள்ளே வெறும் தூள் என்று தெரியும். "பச்சைப் போட் அடிச்சா?" என்று கேட்பீர்கள். பச்சை நிறக் கடதாசி போட்ட ஈரந்தாங்கும் பலகை இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் உறிஞ்சாது என்பதுதான் அதற்கான தரம். குளியலறைக்கு வெளிச்சுவர், குசினி மூலை என்று இடைக்கிடை ஈரம் படும் இடத்துக்கு அது போதும். வருசம் முழுக்க ஈரம் ஊறும் சுவருக்கும், தண்ணீர் நேரே அடிக்கும் குளியலறைச் சுவருக்கும் அது இல்லை. குளியலறையில் ரைல்ஸ் ஒட்ட வேண்டும் என்றால் பைபர் சீமெந்துப் பலகை, அல்லது பேசாமல் கல்லுக் கட்டுங்கள்.

அந்தச் சுவருக்குச் செய்ய வேண்டியது வேறு வேலை. வெளியே சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு இன்ரலொக் கல்லைக் கிளப்பி, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்த்துங்கள். பீலித் தண்ணீர் அந்த மூலையில் விழுகிறதா, குழாய் எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். உள்ளே இடுப்பு உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, சில மாதம் காய விட்டு, உப்பைத் தும்புத்தடியால் தட்டித் தட்டி எடுத்து, பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசிச் சுண்ணாம்பே அடியுங்கள். பளபளப்பு வராது. ஆனால் உரியாது.

பொருள் வாங்குவதில் சில விசயம். பலகை கொழும்பிலிருந்து லொறியில் வரும், மாரியில் படங்கு போட்டு வந்தாலும் ஓரம் நனைந்திருக்கலாம். கடையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டைகள் மேல் மட்டமாகப் படுக்கவைத்திருந்தால் நல்லது, சுவரில் சாய்த்து வைத்திருந்தால் வளைந்திருக்கும், தரையில் நேரே கிடந்தால் கீழ்ப் பலகை ஈரம். ஒரு உடைந்த துண்டைக் கேட்டு வாங்கிக் கடதாசியை உரியுங்கள். கடதாசி கிழிந்து நார் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நல்ல சரக்கு. முழுத் தாளாகச் சுத்தமாகக் கழன்று வந்தால் அது நனைந்து காய்ந்தது, எவ்வளவு கழிவு தந்தாலும் வேண்டாம். முதுகில் தயாரிப்பாளர் பெயரும் தடிப்பும் தொகுதி இலக்கமும் அச்சடித்திருக்க வேண்டும். 2004 க்கும் 2007 க்கும் இடையில் அமெரிக்காவுக்குச் சீனாவிலிருந்து போன சில பலகைகள் கந்தக வாயு விட்டு, வீட்டுச் செம்பு வயரையும் ஏசிச் சுருளையும் கறுக்க வைத்தன. பெயர் இல்லாத பலகையை வாங்கினால் அப்படி ஏதும் நடந்தபின் யாரைப் பிடிப்பது?

ஸ்குறூவும் சனலும்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கும் இடம். ஜிப்சம் ஈரப்பட்டால் இரும்பை வேகமாக அரிக்கும், ஆகவே நல்ல நாகப்பூச்சு உள்ள சட்டம் வேண்டும். சுன்னாகத்தில் கறுப்பு ஸ்குறூ சமாளிக்கும். பருத்தித்துறை, காரைநகர் மாதிரிக் கடற்கரையில் என்றால் நாகம் பூசிய ஸ்குறூ கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருசத்தில் சீலிங் முழுக்க மண்ணிறப் பொட்டு. ஸ்குறூவின் தலை கடதாசியைக் கிழிக்காமல், மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமர வேண்டும். கிழித்துக்கொண்டு உள்ளே போனால் அந்த ஸ்குறூ பிடிக்கவில்லை என்று கணக்கு, பக்கத்தில் இன்னொன்று அடிக்கச் சொல்லுங்கள். அடியில் தரைக்கும் பலகைக்கும் நடுவே 10 மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம். தரை கழுவும் தண்ணீர் பலகைக்குள் ஏறாமல் இருக்க அதுதான் ஒரே வழி, நம் பெண்கள் தும்புத்தடியோடு தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விடப்போவதில்லை.

மூட்டுத்தான் வேலைக்காரரின் கைத்திறன். வலை ரேப் ஒட்டி, போட்டுக்கென்றே வரும் மூட்டுக் கலவையால் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் அகலத்தைக் கூட்டி, கடைசியில் ஒரு அடி அகலத்துக்கு இழுத்து விட வேண்டும். ஒவ்வொன்றும் காய ஒரு நாளாவது கொடுக்க வேண்டும், மாரியில் இரண்டு நாள். ஒரே நாளில் மூன்று தரமும் முடிப்பவரும், சுவருக்கு அடிக்கும் சாதாரணப் புட்டியையே மூட்டுக்குள் தள்ளுபவரும் இங்கே நிறைய. பெயின்ற் அடிக்க முன் இரவில் லைற் எல்லாம் அணைத்துவிட்டு, ரோச் லைற்றைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழல் போட்டுக் காட்டும். கடைசிக் காசைக் கொடுக்க முன் செய்ய வேண்டிய சோதனை இது.

வீடு முடிந்த பிறகு யாரும் குடியிருக்கப் போவதில்லை, வருசத்துக்கு ஒருமுறை அத்தான் குடும்பம் வந்து மூன்று கிழமை நின்று போகும், மிச்ச நாள் பூட்டித்தான் கிடக்கும் என்றால், நான் இவ்வளவும் சொன்னதில் பாதியைத் திருப்பி எடுப்பேன். பூட்டிய வீட்டில் மாரி ஈரம் அடைபட்டுக் கிடக்கும், ஒழுக்கை யாரும் காண மாட்டார்கள், கறையானை யாரும் தட்ட மாட்டார்கள். அப்படியான வீட்டுக்குச் சீலிங் இல்லாத ஓடும், பூசிய கல்லும்தான். அல்லது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, கிழமைக்கு ஒரு நாள் யன்னல் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, சீலிங் எப்போதாவது தண்ணீர் தேங்கி வயிறு தள்ளி நின்றால் கையால் தூக்கிப் பார்க்காதீர்கள். முதலில் அந்த அறையின் மின் இணைப்பை மெயின் சுவிச்சில் நிறுத்துங்கள். கீழே பெரிய வாளி வைத்து, ஓரமாக நின்று, நீளத் தடியில் கட்டிய ஆணியால் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் மெதுவாக இறங்கும், பலகை மொத்தமாக விழாது. ஏசி உள்ள அறை என்றால் கூரையைக் குறை சொல்ல முன் ஏசியின் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். மழையே இல்லாத சித்திரையில் சீலிங் நனைந்தால் பத்துக்கு ஒன்பது தரம் அதுதான். நனைந்த துண்டை வெட்டி எடுத்து, மேலே காரணத்தைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ளது நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுத் துண்டு போட வேண்டும்.